நானுந்தான் ஸ்டிக்கர் போடுகேன்

புதிதாகப் பள்ளிக்கூடக் கவுன்சலர் வேலையில் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு உங்கள் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். தலைப்பும் அவர்களே கொடுத்தார்கள்: செல்போனில் நடக்கும் கேலியையும் வதையையும் குழந்தைகள் அடையாளம் கண்டுகொள்ள எப்படி உதவுவது. படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. அதை நான் கண்டுபிடித்த கதை என்னிடம் கிடையாது. அதை நானே செய்த கதை ஒன்று இருக்கிறது. அதைத்தான் எழுதப் போகிறேன், பிடிக்காதவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம்.

நான் நாகர்கோவிலில் பிறந்து, திருவனந்தபுரத்தில் வாழ்க்கைப்பட்டு, இந்த ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் பல வருடம் கவுன்சலராக இருந்தவள். பள்ளிக்கூடத்தில் மலையாளம், வீட்டில் தமிழ், பதிவேட்டில் இங்கிலீஷ். தமிழ்ப் பிள்ளை யாராவது என் அறைக்குள் வந்தால் மட்டும் என் நாஞ்சில் நாட்டு நாக்கு தானாக அவிழ்ந்துவிடும். அது எனக்கு ஒரு பெருமை. தமிழ்ப் பிள்ளைகளின் மனசு இந்தப் பள்ளிக்கூடத்தில் எனக்குத்தான் தெரியும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுத் தந்த அம்மையார் ஒருவர் உண்டு. "பிள்ளைங்க சொல்லுகதை விடு, சொல்லாததைக் கேளு" என்பார். அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, பிள்ளைகள் சொல்லாததையெல்லாம் நானாகவே கேட்டுக்கொண்டிருந்தேன். சொன்னதை எப்போதாவது கேட்டேனா என்பதுதான் இப்போது எனக்குள்ள சந்தேகம்.

நான் ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தபோது, ஓணம் விடுமுறை முடிந்து சில வாரம் கழித்து, ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஒரு பெண் இடைவேளையில் வந்து கதவோரம் நின்றாள். அவளை இங்கே செல்வி என்று வைத்துக்கொள்வோம். அப்பாவும் அம்மாவும் பொன்முடி மலையில் தேயிலை எஸ்டேட் வேலை, கூலிக்காரர்களுக்கு எஸ்டேட் கட்டிக் கொடுத்த லயத்து வீடு. இவள் மட்டும் ஸ்ரீவராகத்தில் சித்தியோடு தங்கிப் படித்தாள். சித்தி அக்ரகாரத்து வீடு ஒன்றில் சமையல் வேலை பார்த்தாள். நெற்றி நடுவில் நல்ல அகலமான அரக்குக் கலர் ஒட்டுப்பொட்டு. வகுப்பில் மற்ற பிள்ளைகளுக்குப் பொட்டு இருந்தால் கடுகளவு, பாதிப் பேருக்கு அதுவும் கிடையாது. அறைக்குள் அவள் வந்ததும் என் கண்ணில் முதலில் பட்டது அந்தப் பொட்டுதான். எல்லாக் குழப்பமும் அங்கே தொடங்கியது.

"டீச்சரே, ஒரு காரியம் சொல்லட்டா?"

"சொல்லு மக்களே."

"இந்த ஸ்டிக்கர் போடுறது இருக்குல்ல டீச்சரே. அதை வச்சு எல்லாரும் என்னைக் களியாக்குது."

களியாக்குவது என்றால் கேலி செய்வது. அது எனக்குப் புரிந்தது. ஸ்டிக்கரும் புரிந்தது. நம் வீடுகளில் ஸ்டிக்கர் என்றால் வேறென்ன, ஒட்டுப்பொட்டுதானே. "ஸ்டிக்கர் தீர்ந்துபோச்சு, வரும்போது ஒரு அட்டை வாங்கிட்டு வாங்க" என்று வீட்டுக்காரரிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். எனக்குத் தெரிந்த ஸ்டிக்கர் அது ஒன்றுதான். போதாக்குறைக்கு நானும் கல்யாணமாகி வந்த புதிதில் இந்தப் பொட்டுக்காகப் பேச்சு வாங்கியவள். பழைய கோபம் எல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது. அவள் மேலே சொல்ல வாய் திறந்தாள், நான் விடவில்லை.

"இதுக்கா மக்களே இவ்வளவு விசனம்? ஸ்டிக்கர் போட்டா என்ன? நானுந்தான் ஸ்டிக்கர் போடுகேன். நாளைக்கும் போடுவேன். சிரிக்கவன் சிரிச்சிட்டுப் போறான்."

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"டீச்சரும் போடுமா?"

"பின்னே? காலையில எந்திரிச்சதும் மொத வேலை அதுதான்."

மணி அடித்தது. "சரி டீச்சரே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நான் பதிவேட்டை எடுத்து, தமிழ் அடையாளம் பற்றிய கூச்சம், தன்னம்பிக்கை ஊட்டப்பட்டது என்று இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு எனக்கு ருசியாக இருந்தது.

என் அறைச் சுவரில் அப்போது ஒரு போஸ்டர் தொங்கியது. செல்போன் வதைக்கு ஆளான குழந்தையின் ஐந்து அறிகுறிகள் என்று தலைப்பு. போனை மறைப்பாள், போனைப் பார்த்து அழுவாள், போனைப் பிடுங்கினால் கத்துவாள், இப்படி. செல்விக்கு மறைக்கவும் பிடுங்கவும் சொந்தமாகப் போனே கிடையாது. சாயங்காலம் சித்தி வந்தபிறகு அவள் போனில் அரை மணி நேரம் வகுப்புக் குரூப்பைப் பார்ப்பாள், அவ்வளவுதான். ஐந்தில் ஒன்றுகூட அவளிடம் இல்லை. போஸ்டரைக் கிழித்துப் போடுங்கள் என்று சொல்லவில்லை, சுவரில் வெள்ளை தெரியாமல் இருக்க உதவும்.

இங்கே நான் வேறொரு விஷயம் சொல்ல வேண்டும். அப்போது எங்கள் ஸ்டாஃப் ரூம் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு சின்னப் படம் உலவிக்கொண்டிருந்தது. வாயை ஆவென்று திறந்த ஒரு சிறுமியின் முகம், கண்ணில் பெரிய கூலிங் கிளாஸ், மூக்குக்குக் கீழே முறுக்கு மீசை வரைந்திருக்கும். அடியில் மலையாள எழுத்தில் 'போச்சு' என்று ஒரே வார்த்தை. கரண்ட் போனால் அந்தப் படம். லீவு கேன்சல் ஆனால் அந்தப் படம். கிரிக்கெட்டில் விக்கெட் விழுந்தால் அந்தப் படம். ஏதோ சினிமாவில் வரும் குழந்தை என்று நினைத்துக்கொண்டேன். இத்தனை மலையாளத்துக்கு நடுவில் தனியாக ஒரு தமிழ் வார்த்தை வந்து நிற்கிறதே என்று எனக்கு அதன் மேல் பாசம். ஆபீஸ் பையனிடம் கேட்டு அதைச் சேமித்து வைத்துக்கொண்டேன். நான் அதைப் பொம்மை என்று சொல்வேன். அதற்கு வேறு பெயர் இருக்கும் என்று எனக்குத் தோன்றியதேயில்லை.

இளையவர்களே, உங்களுக்கு இப்போதே எல்லாம் விளங்கியிருக்கும். எனக்கு விளங்க மூன்று வாரம் ஆனது.

அந்த வார இறுதியில் செல்வி பொன்முடிக்குப் போனாள். திங்கட்கிழமை வரவில்லை. அம்மாவுக்குப் போன் போட்டேன். "வயித்து வலின்னு சொல்லுதா டீச்சரே. நாளைக்கு நானே கூட்டிட்டு வாரேன். உங்களையும் ஒருதரம் பாக்கணும்" என்றாள். மறுநாள் காலை ஸ்டாஃப் ரூமில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது அவளிடமிருந்து குரல் செய்தி வந்தது. "டீச்சரே, காலம்பற பஸ் போச்சு. அடுத்த பஸ்ஸுக்கு வந்தா பள்ளிக்கூடம் விட்டிரும். நாளைக்கு வாரோம்." பின்னால் காற்றுச் சத்தம் கேட்டது.

பொன்முடிக்குப் பஸ் எத்தனை என்று உங்களுக்குத் தெரியும், ஒன்றை விட்டால் விட்டதுதான். பாவம் என்று நினைத்தேன். பதில் எழுத மூக்குக் கண்ணாடி கையில் இல்லை. பஸ் போச்சு என்கிறாளே, அதற்கென்றே அளவெடுத்துத் தைத்தது போல நம்மிடம் ஒரு பொம்மை இருக்கிறதே என்று அதைத் தட்டிவிட்டேன். தமிழ் வார்த்தை, தமிழ்ப் பொம்பளை, சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

மறுநாள் அவர்கள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. போன் போட்டால் எடுக்கவில்லை, அல்லது மலையில் டவர் கிடைக்கவில்லை. வகுப்பு டீச்சர், "எஸ்டேட் குட்டிகள் இங்ஙனெ தன்னெயா டீச்சரே, பகுதியில் நிறுத்தும்" என்றார். எஸ்டேட் பிள்ளைகள் இப்படித்தான் பாதியில் நின்றுவிடும் என்பது அவர் கணக்கு. எனக்கு மனம் ஆறவில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது. பொட்டுக்காக ஒரு பெண் படிப்பை விடுவாளா? உடம்புக்கு ஏதாவதா? அப்பன் குடித்துவிட்டு அடிக்கிறானா? பத்தாவது நாள் எனக்கு ஒரு எண்ணம் வந்து உட்கார்ந்தது: கல்யாணம். பதினான்கு வயசுப் பிள்ளைக்கு எங்கோ மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். குழந்தைகள் நலக் குழுவுக்கு ஒரு புகார்க் கடிதம் எழுதத் தொடங்கினேன். பாதி எழுதியும் விட்டேன். அந்தத் தாயின் பெயரை எழுதும் இடத்தில் பேனா நின்றது. எனக்கு ஒன்றுமே தெரியாது, ஒன்றுகூடத் தெரியாது என்று அப்போதுதான் உறைத்தது. கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு சனிக்கிழமை பஸ் ஏறினேன்.

எனக்கு மலைப்பாதை ஒத்துக்கொள்ளாது. மலையடிவாரத்துக் கல்லாறு வரைக்கும் சமாளித்தேன், அதற்கு மேலே ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே போனேன். லயத்தில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தபோது செல்வி வாசல் குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் அதே பொட்டு இருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். பயமா வெறுப்பா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அம்மா உள்ளேயிருந்து வந்தாள். பால் விடாத கட்டஞ்சாயா போட்டுக் கொடுத்தாள், கட்டிலில் விரித்திருந்த துணியை எடுத்துவிட்டு உட்காரச் சொன்னாள். கல்யாணப் பேச்சு எதுவும் இல்லை என்று இரண்டு நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. பைக்குள் இருந்த கடிதம் என் மடியில் கனத்தது.

"படிக்க மாட்டேங்கா டீச்சரே. என்னன்னு கேட்டா வாயைத் தொறக்க மாட்டேங்கா. சும்மா வீட்டுல இருத்த முடியுமா? கல்லாத்துல ஒரு கடையில கேட்டிருக்கு. டூரிஸ்ட் வார எடம், பாத்திரம் கழுவ ஆளு வேணுமாம். திங்கக்கெழமையிலருந்து வரச் சொல்லிருக்காங்க."

திங்கட்கிழமைக்கு நடுவில் ஒரு ஞாயிறுதான் இருந்தது. நன்றாகப் படிக்கிற பிள்ளை, கணக்கில் வகுப்பில் மூன்றாவது. நான் அம்மாவிடம் கொஞ்ச நேரம் எங்களைத் தனியாக விடுங்கள் என்று கேட்டுக்கொண்டு, செல்வியோடு குழாயடித் திண்டில் உட்கார்ந்தேன். தேயிலைச் சரிவில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. என்ன கேட்பது என்று தெரியாமல், தெரிந்ததையே மறுபடி கேட்டேன்.

"ஸ்டிக்கருக்காகத்தானா மக்களே?"

தலையை ஆட்டினாள்.

"நான் அன்னைக்கே சொன்னேம்லா?"

"சொன்னீங்க. நீங்களும் போடுவேன்னு சொன்னீங்க." கொஞ்சம் பொறுத்து, "போடவும் செஞ்சீங்கல்ல" என்றாள்.

"ஆமா. இன்னைக்கும் போட்டிருக்கேனே."

இதைச் சொல்லிவிட்டு, தைரியம் கொடுக்கிற நினைப்பில், விரலால் என் நெற்றியைத் தொட்டுக் காட்டினேன்.

அவள் என் நெற்றியைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். மறுபடி நெற்றியைப் பார்த்தாள். அந்தப் பிள்ளை முகத்தில் அப்போது என்னென்னமோ வந்து போனது. எங்கள் இருவரில் முதலில் புரிந்துகொண்டது அவள்தான்.

"டீச்சரே, நீங்க இந்த ஸ்டிக்கரையா சொன்னீங்க?"

"பின்னே எந்த ஸ்டிக்கர்?"

"உங்க போனை எடுங்க."

எடுத்தேன். அவளே வாங்கி, அவள் அம்மாவுக்கு நான் அனுப்பிய இடத்தைத் திறந்து என் முன்னால் நீட்டினாள். பொம்மை. வாயை ஆவென்று திறந்த குழந்தை, கூலிங் கிளாஸ், முறுக்கு மீசை, போச்சு.

"அது நான்தான் டீச்சரே."

நான் படத்தையும் அவளையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். தாடையில் இருக்கும் அந்தச் சின்ன வடு. ஒரு மாதமாக என் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துச் சிரித்த முகம் அது.

பிறகு அவள் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். ஓணக் கொண்டாட்டத்தன்று பள்ளிக்கூடத்தில் வடம் இழுக்கும் போட்டி, அன்றைக்கு மட்டும் போனுக்கு அனுமதி. கயிறு கை நழுவிய நொடியில் இவள் "போச்சு, போச்சு" என்று கத்தியிருக்கிறாள். அவளுடைய கூட்டுக்காரி, நெருங்கிய தோழி ஆதிரா அதைப் படம் பிடித்து, கண்ணாடியும் மீசையும் வைத்து, வாட்ஸ்அப் ஸ்டிக்கராக்கி வகுப்புக் குரூப்பில் போட்டாள். முதல் நாள் செல்வியும் சிரித்தாள். அவளே இரண்டு தடவை அதைப் போட்டாள்.

"நானும் சிரிச்சா சீக்கிரம் முடிஞ்சிரும்னு நெனச்சேன் டீச்சரே. முடியல்ல. பெறகு வேற கிளாஸ்காரங்க வந்து எம் மூஞ்சிக்கு நேரா வாயைத் தொறந்து காட்டினாங்க. பேரு சொல்லி விளிக்கதே நின்னு போச்சு. தயவு செஞ்சு போடாதீங்கன்னு குரூப்புல எழுதினேன்."

"அதுக்கு என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல்ல. அந்த ஸ்டிக்கரையே போட்டாங்க. வரிசையா பதினாலு."

அதற்குப் பிறகுதான் அவள் என்னிடம் வந்திருக்கிறாள். நானும் போடுகிறேன், காலையில் எழுந்ததும் முதல் வேலை அதுதான் என்று நான் சொல்லியிருக்கிறேன். அதையும் நம்பாமல், டீச்சர் ஏதோ விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று எனக்காக அவளே ஒரு சமாதானம் தேடிக்கொண்டு, செவ்வாய்க்கிழமை காலை அம்மாவோடு பஸ்ஸுக்கு வந்து நின்றிருக்கிறாள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, வந்த செய்தியைத் திறந்து சொல்வது மகள்தான். திறந்தாள். அவள் முகமே அவளைப் பார்த்தது, என்னிடமிருந்து.

நான் அழுதேன். கவுன்சலர் பிள்ளையின் முன்னால் அழக் கூடாது என்று உங்களுக்குப் பாடத்தில் இருக்கும், எனக்கும் இருந்தது. மன்னிப்புக் கேட்டேன். வெட்கத்தில் முதல் வேலையாக அந்தப் படத்தை அழிக்கப் போனேன். அவள் என் கையைப் பிடித்துவிட்டாள்.

"அழிக்காதீங்க. பெறகு நான் சொன்னா யாரு நம்புவா?"

பயிற்சி வகுப்பில் எனக்கு யாரும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லித் தரவில்லை. அழிக்கும் முன்னால் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். யார், எந்தக் குரூப்பில், பிள்ளை வேண்டாம் என்று சொன்னதற்கு முன்பா பின்பா என்பது அதில் இருக்கும்.

அடுத்து அவள் ஒன்று கேட்டாள்.

"டீச்சருக்கு இது எங்கெருந்து கிட்டிச்சு?"

ஸ்டாஃப் ரூம் குரூப்பிலிருந்து என்று சொன்னால், எல்லா டீச்சரிடமும் தன் முகம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். திங்கட்கிழமை கல்லாறு கடைக்குப் போகிறவளை அதற்கப்புறம் எந்த வாயால் பள்ளிக்கூடத்துக்கு வா என்று கூப்பிடுவேன்? பொய் சொன்னால், அங்கே வந்த முதல் நாளே அவளுக்குத் தெரிந்துவிடும், அத்தோடு நானும் தொலைந்தேன். எலுமிச்சம்பழத்தைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தேன். எது சரி என்று யோசித்து முடிவு செய்தேன் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். பொய் வாயில் வரவில்லை, அதுதான் நடந்தது.

"ஸ்டாஃப் ரூம்ல இருந்து மக்களே. எல்லார்கிட்டயும் இருக்கு."

"மேத்ஸ் சாரும் போட்டாரா?"

"போட்டார்."

அவளுக்கு அந்தச் சாரை ரொம்பப் பிடிக்கும் என்று எனக்கு அப்போது தெரியாது. குழாயைத் திறந்து, ஏற்கெனவே கழுவின தட்டை மறுபடி கழுவினாள்.

"அப்பம் நான் வரல்ல."

"நான் என்ன செஞ்சா வருவே?"

"எல்லாரும் அழிக்கணும்."

"எல்லாரும் அழிப்பாங்கன்னு நான் சத்தியம் பண்ண முடியாது. யாரு யாருக்கு அனுப்பியிருக்காங்கன்னு யாருக்கும் தெரியாது."

"பின்னே என்னதான் முடியும் உங்களால?"

கோபத்தோடுதான் கேட்டாள். நியாயமான கேள்வி. நான் விரல் விட்டு எண்ணினேன். நான் அழிப்பேன். டீச்சர்மாரிடம் நானே சொல்லி என் கண் முன்னால் அழிக்க வைப்பேன். வகுப்பில் பேசுவேன். எச்.எம். மேடத்திடம் சொல்லி அசெம்பிளியில் எல்லாருக்கும் அறிவிக்கச் சொல்வேன். அசெம்பிளி என்றதும் அவள் முகம் மாறியது.

"அசெம்பிளியில மட்டும் சொல்லாதீங்க டீச்சரே. சொன்னா அதுக்கும் ஒரு ஸ்டிக்கர் வரும்."

வருவேன் என்று அவள் சொல்லவில்லை. மாட்டேன் என்றும் இரண்டாம் தடவை சொல்லவில்லை. அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன், என் பங்கையும் சேர்த்து. அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மகளைத்தான் பார்த்தாள். "இத்தனை நாளு எங்கிட்ட சொல்லல்லியே பிள்ளே" என்று மட்டும் சொன்னாள். இறங்கி வரும்போது அந்தப் பாதிக் கடிதத்தைக் கிழித்துப் பையின் அடியில் போட்டேன். இந்தத் தாயின் மேலா கல்யாணப் பழி போடப் பார்த்தோம் என்று என்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

மறுநாள் ஞாயிறு. காலையில் சித்தி வீட்டுக்குப் போய் அவள் போனில் அந்தக் குரூப்பைப் பார்த்துப் பிரதி எடுத்துக்கொண்டேன். பிறகு டீச்சர்மார் ஒவ்வொருவருக்காகப் போன் போட்டு, நான் அனுப்பியதிலிருந்து தொடங்கிச் சொன்னேன், திங்கட்கிழமை என் கண் முன்னால் அழிக்க வேண்டும் என்றும் சொன்னேன். "ஐயோ, அது நம்முடெ குட்டியாணோ?" என்று எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள், அது நம்ம பிள்ளையா என்று. வேறு யாரோ பெற்ற பிள்ளையாக இருந்தால் பரவாயில்லையா என்று எனக்குள் ஒரு கேள்வி வந்தது. கேட்கவில்லை, நானும் அப்படிச் சிரித்தவள்தான். கணக்கு சார் மட்டும் அந்த லயத்து வீட்டு நம்பரைக் கேட்டார். செல்வியின் அம்மாவைக் கேட்டுக்கொண்டு, பிறகு கொடுத்தேன். அவர் என்ன பேசினார் என்று அவரும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு என் போன் ஒலித்தது. அம்மாவின் குரல் செய்தி, பின்னால் பஸ் எஞ்சின் சத்தம். "டீச்சரே, பஸ் கிட்டிச்சு. ரெண்டு பேரும் வாரோம்." நான் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, 'சரி' என்று இரண்டு எழுத்தைப் பார்த்துப் பார்த்து அடித்தேன்.

இத்தோடு கதையை முடித்தால் உங்களுக்கு நிம்மதியாக இருக்கும். ஆனால் ஆதிராவை என்ன செய்வது? அவளைக் கூப்பிட்டேன். "அது வெறும் தமாஷல்லே டீச்சரே. அவளும் இட்டல்லோ" என்று அழுதாள். தமாஷுக்குத்தான் செய்தாள், செல்வியும் போட்டாள், இரண்டும் நிஜம். செல்வி வேண்டாம் என்று எழுதிய வரியையும், அதற்குக் கீழே வந்த பதினாலையும் காட்டினேன். மூன்றாவது ஆதிராவுடையது. "ஞான் அது வாயிச்சில்ல" என்றாள். வாசிக்காமலே போட்டாளா, வாசித்துவிட்டுப் போட்டாளா? எனக்கு இன்றுவரை தெரியாது. நானும் பார்க்காமல் போட்டவள்தானே, அவளை எந்த முகத்தோடு அதட்டுவது? தண்டனை எதுவும் கொடுக்கவில்லை. அது சரியா என்றும் தெரியாது. இரண்டு பேரும் அந்த வருடம் முழுக்கப் பேசிக்கொள்ளவில்லை, பத்தாம் வகுப்பில் பேசினார்கள்.

வகுப்பில் நான் பேசியபோது யார் பெயரையும் சொல்லவில்லை. ஒருத்தர் வேண்டாம் என்று சொல்வதற்கு முன்னால் அது விளையாட்டாக இருந்திருக்கலாம், சொன்ன பிறகு அது விளையாட்டு இல்லை என்றேன். பின்பெஞ்சிலிருந்து ஒருவன், "வேண்டாம்னு சொல்ல பயமா இருந்தா டீச்சரே?" என்று மலையாளத்தில் கேட்டான். நல்ல கேள்வி என்று மட்டும் சொன்னேன். உங்களில் யாருக்காவது பதில் கிடைத்தால் எனக்கும் எழுதுங்கள். நான் அதற்கப்புறம் செய்தது ஒன்றுதான். எந்தப் பிள்ளை எந்த வார்த்தையைச் சொன்னாலும், எனக்கு நன்றாகத் தெரிந்த வார்த்தையாக இருந்தாலும், "அது என்னன்னு எனக்குக் காட்டு மக்களே" என்று கேட்பேன். தெரிந்த வார்த்தையாக இருந்தால் இரண்டு தடவை கேட்பேன்.

நான் ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. செல்வி இப்போது நர்சிங் படிக்கிறாள். போன மாதம் எங்கள் குடும்பக் குரூப்பில் நாகர்கோவில் நாத்தனார், மிக்ஸி பழுதாகிவிட்டது என்று எழுதி, கீழே ஒரு படம் போட்டாள். நிறம் மங்கி, ஓரமெல்லாம் வெட்டுப்பட்டு, எழுத்துகூடத் தமிழுக்கு மாறியிருந்தது. வாய் மட்டும் அப்படியே ஆவென்று திறந்திருந்தது. அழியும் என்று நான் சத்தியம் பண்ணாதது நல்லதாகப் போயிற்று. நாத்தனாருக்குப் போன் போட்டு, "இது எம் பிள்ளை, ஒடனே அழிச்சிரு" என்றேன். "ஐயோ மைனி, சினிமாவுல வாற பிள்ளைன்னுல்லா நெனச்சேன்" என்றாள்.

இதைச் செல்வியிடம் சொல்வதா வேண்டாமா? ஆறிய புண்ணைக் கீறுவானேன் என்று ஒரு மனம். அவள் முகம், அவளுக்குத் தெரியாமல் அதைப் பற்றி முடிவெடுக்க நான் யார் என்று ஒரு மனம். இரண்டு நாள் அலைக்கழிந்துவிட்டுப் போன் போட்டுச் சொன்னேன்.

"நாகர்கோவில் வரைக்கும் போயிட்டா?" என்றாள். "அழிச்சாங்களா?"

"அழிச்சா. சினிமாப் பிள்ளைன்னு நெனச்சாளாம்."

"டீச்சரும் அப்படித்தானே நெனச்சீங்க."

"ஆமா மக்களே."

பிறகு அவள் குரலில் லேசாக ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது.

"இன்னைக்கு ஸ்டிக்கர் போட்டிருக்கீங்களா டீச்சரே?"

"நெத்தியில மட்டுந்தான்" என்றேன்.